திணையற்ற அப்பம்

சமையலைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய மனிதர்கள் முதன்முறையாக நேரில் கூடும்போது எதை உண்பது என்பது எளிய கேள்வியன்று. புத்தக நண்பர்கள் கூடினால் ஆளுக்கொரு தேநீர் போதும். சமையல் நண்பர்கள் கூடும் இடத்திலோ ஒருவர் கொண்டுவரும் பாத்திரமே அவருடைய முகவரி ஆகிவிடுகிறது. மூடியைத் திறந்தவுடன் ஊர் தெரியும். இரண்டாவது கவளத்தில் தெரு தெரியும். அதற்கு மேல், யாரும் யாரிடமும் கேட்கக் கூடாத ஒன்றும் தெரிந்துவிடும்.

நாங்கள் பதினோரு பேர். சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று தாம்பரத்தைச் சுற்றிக் குடியேறியவர்கள். நான்காண்டுகளாகக் கைப்பேசி வழியே சமையல் குறிப்புகளையும் படங்களையும் பகிர்ந்துகொண்டு பழகியவர்கள். ஒருவரையொருவர் ஊர்ப்பெயராலேயே அறிவோம்: காரைக்குடி ஆச்சி, ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நாகர்கோவில் தம்பி, ஆம்பூர்க்காரர். எங்களில் இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள் என்பதால் குழம்பு பற்றிய பேச்சு அவ்வப்போது பழந்தமிழ் நூல்களுக்குள் வழுக்கி விழுவதும் உண்டு. யாருடைய புளிக்குழம்பில் எவ்வளவு வெந்தயம் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் நெட்டையா குட்டையா என்பது தெரியாது.

நேரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பதார்த்தத்தை வீட்டிலிருந்து செய்து கொண்டுவரலாம் என்று நாகர்கோவில் தம்பிதான் முதலில் சொன்னார். இயல்பாக எழ வேண்டிய யோசனை அதுவே. மூன்று நாட்கள் யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை. பிறகு சைவ உணவகம் ஒன்று பேசப்பட்டது. பாதிப் பேருக்கு அது பாதி விருந்து. பிரியாணிக் கடை பேசப்பட்டது. இருவருக்கு அது வாசற்படியோடு நின்றுவிடும் விருந்து. நான்காம் நாள் யாரோ, "பீட்சா சாப்பிடலாமே" என்றார். பத்து நிமிடத்தில் பதினோரு பேரும் சம்மதித்துவிட்டோம். இத்தனைக்கும் எங்களில் ஒருவர்கூட அதுவரை பீட்சா பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அந்தப் பத்து நிமிட ஒற்றுமை எதனால் வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கூடுவதற்கு வாய்த்த ஊர் சிட்லபாக்கம். சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்வதென்றால், குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் இடையில், ஒரு பழைய பாசன ஏரியை ஒட்டி வளர்ந்த புறநகர். பேரூராட்சியாக இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கியது. ஏரி நீர் பாய்ந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்ககங்களாகிவிட்டன. பாக்கம் என்பது நெய்தல் நிலத்துச் சிற்றூருக்கு உரிய பெயர் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஊரின் பெயரில் நெய்தல். ஏரியும் வயலுமாக இருந்த உடலில் மருதம். இப்போது குடியிருப்போரோ தமிழகத்தின் எல்லாத் திணைகளிலிருந்தும் வேலைக்கும் ஓய்வுக்கும் வந்து சேர்ந்தவர்கள். திணைமயக்கம் என்பதற்கு வகுப்பறையில் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. சானடோரியத்தில் மின்ரயிலை விட்டு இறங்கினாலே போதும்.

தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை முதலில் வைக்கிறது. அதற்கு அடுத்து வைப்பது உணவை. விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதற்குப் பின்னர்தான். ஒரு நிலத்து மனிதரை அறிய, அவர் வணங்குவதைக் கேட்டபின் உண்பதைக் கேள் என்பது அந்த வரிசையின் உட்பொருள் போலும். இந்த அறிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உணவைக் கொண்டு ஆளை அறியலாம் என்றால், உணவைக் கொண்டு ஆளை விலக்கவும் செய்யலாம். தமிழ்நாட்டில் இரண்டும் நடந்திருக்கின்றன. இரண்டாவது அதிகமாகவே நடந்திருக்கிறது.

பீட்சாவுக்கு இங்கே திணை இல்லை. அதற்குத் திணையே இல்லை என்பதன்று. அது பிறந்த நேப்பிள்ஸ் நகரில் அது ஏழைகளின் தெருவோர உணவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தக்காளியை நம்பி எழுந்தது. 1889-இல் இத்தாலிய அரசி மார்கெரிட்டாவுக்காகச் சுடப்பட்டது என்று ஒரு கதை அந்நகரில் வழங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை ஐயத்துடனேயே நோக்குகிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, தெருவோர அப்பம் ஒன்றுக்கு அரண்மனைச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெளிவு. 2017-இல் அந்நகரத்தாரின் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, தன் ஊரில் அதற்குத் தெய்வம், தொழில், வர்க்கம் எல்லாம் உண்டு. கடல் கடந்து, பன்னாட்டு நிறுவனங்களின் கடைகளாக 1996-இல் இந்தியாவுக்குள் நுழைந்தபோது அவற்றையெல்லாம் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டது. இங்கே அது யாருடைய பாட்டியும் செய்யாத பண்டம். எனவே யாருடைய பாட்டியையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

எங்கள் பத்து நிமிட ஒற்றுமையின் விளக்கம் இதுவாகவே இருக்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்த உணவை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. யாரையும் வெளிப்படுத்தாத உணவையே தேர்ந்தெடுத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையின் மாடியில், இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டு அமர்ந்தோம். முதல் வட்டம் வந்தது. எட்டுத் துண்டுகள். நம் இலைச்சாப்பாட்டில் ஆளுக்கோர் இலை, பரிமாறுபவர் ஒருவர், உண்ணும் கை பொதுப் பாத்திரத்தைத் தீண்டுவதில்லை. எச்சில் என்ற ஒற்றைச் சொல்லில் நம் பந்தியின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடும். பீட்சா அந்த இலக்கணத்துக்குள் வராது. நடுவில் ஒரே தட்டு, சுற்றிலும் கைகள். முதல் துண்டில் சிக்கல் இல்லை. இரண்டாவது துண்டை எடுக்கும்போதுதான் காரைக்குடி ஆச்சியின் கை அந்தரத்தில் நின்றது. வலக்கை எச்சில். இடக்கையால் உணவை எடுப்பதா? எழுபது வயதுப் பழக்கம் இரண்டு கைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆம்பூர்க்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து ஆச்சியின் தட்டில் வைத்தார். அவருடைய கையும் எச்சிற்கைதான். ஆச்சி அதைப் பார்த்தார், பிறகு உண்டார். "ஊத்தப்பத்துக்குச் சீமைச் சட்டை போட்டிருக்காக" என்று ஒரு தீர்ப்பும் சொன்னார்.

தீர்ப்பைத் தமிழாசிரியர்கள் ஏற்றார்கள். வேதியியல் படித்த நாகர்கோவில் தம்பி ஏற்கவில்லை. நம் மாவைப் புளிக்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் தாமாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள். பீட்சா மாவை உப்ப வைப்பது ஈஸ்ட். கோதுமையின் குளுட்டன் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நமக்கு அந்த வேலையில் பெரும்பங்கை உளுந்து செய்கிறது என்று விளக்கினார். இதற்கு முன் எழுத்தில் அறிந்த அதே தம்பி. கைகளை ஆட்டி ஆட்டிப் பேசுவார் என்பதுதான் புதுச் செய்தி.

ஆனால் பீட்சா நாங்கள் நினைத்த அளவுக்குப் பேதமற்றது அன்று. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் வெங்காயமும் பூண்டும் சேர்க்காதவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசி அறியாதவர். அவர் பரிமாறும் பையனை மெல்ல அழைத்துச் சாந்தில் பூண்டு உண்டா என்று கேட்டார். உண்டு. பூண்டில்லாமல், வெறும் வெண்ணெய் தடவிய அடித்தட்டில் சீஸ் மட்டும் போட்டுத் தருவதாகப் பையன் சொன்னான். சீஸ் எதனால் உறைகிறது என்பதும் அவருக்குத் தெரியும்: கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பழைய முறை, சைவக் குறியிட்டு விற்பதற்கு நுண்ணுயிரிகளிலிருந்து பெறும் நொதியே ஆகும். பெட்டியில் பச்சை வட்டத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். கடைசியாக, வெட்டும் சக்கரம் இரண்டுக்கும் ஒன்றுதானா என்று கேட்டார்.

பையன் உண்மையே பேசினான். "கட்டர் ஒண்ணுதான் சார். ஆனா வெஜ்ஜை முதல்ல வெட்டிட்டுத்தான் நான்வெஜ்ஜை வெட்டினோம்."

மேசையில் சிரிப்பு எழுந்தது. தமிழ் கற்பிக்கும் இருவருக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முதலில் ஒரு பந்தி, பிறகு ஒரு பந்தி. திணையற்றது என்று நம்பி அழைத்து வந்த அப்பம், அடுக்களைக்குள்ளேயே பந்தி வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டிருந்தது.

இந்த வரிசைக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது 1924-25-இல் பெரும் பூசலாகி, தமிழகக் காங்கிரஸையே பிளந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லை நீக்குவதற்காக மாதக்கணக்கில் மறியல் நடந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே பசித்து வருவோரிடம் கேட்பதற்குக் கேள்வி எதுவுமில்லை. ஒன்றரை நூற்றாண்டு எரிந்த பிறகும் அந்த அடுப்பின் வெளிச்சம் எல்லாத் தெருக்களையும் எட்டிவிடவில்லை. 2023-இல் அரசின் காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண்கள் சமைத்ததை உண்ண வேண்டாமென்று சில ஊர்களில் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடுத்தார்கள். கரூர் மாவட்டத்து ஊரொன்றில் ஆட்சியர் நேரில் சென்று அதே உணவை உண்டு காட்ட வேண்டியிருந்தது.

மாடியில் பேச்சு இனிப்புக்கு வந்திருந்தது. நான்காண்டுகளில் எழுதியவற்றுள் யாருக்கு எந்தக் குறிப்பு பிடித்தது என்று ஒரு சுற்றுப் போயிற்று. ஆம்பூர்க்காரர் முறை வந்தது. சானடோரியத்தின் ஏற்றுமதி வளாகத்தில் மேற்பார்வையாளராக இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். எங்களில் மிக அதிகமான குறிப்புகள் அவருடையவை. பருப்பு உருண்டைக் குழம்பு, கத்தரிக்காய்த் தொக்கு, சேமியா பாயசம் என்று எழுதிக்கொண்டே இருப்பார். ஆச்சி அவரிடம், "ஆம்பூருன்னு பேரை வச்சுக்கிட்டு நீ ஒரு நாள்கூடப் பிரியாணி எழுதலையே ஆத்தா?" என்றார்.

"எங்க வீட்டுப் பிரியாணி மாட்டுக்கறியில ஆச்சி" என்றார் அவர். குரலில் சினம் இல்லை, வேண்டுதலும் இல்லை. "எழுதினா பாதிப் பேர் போயிடுவீங்கன்னு நெனச்சேன். அதனால உங்க வீட்டுச் சமையலையெல்லாம் கத்துக்கிட்டு எழுதினேன்."

நான்காண்டுகளாக அவர் எழுதியவற்றில் ஒன்றுகூட அவருடைய அடுக்களையிலிருந்து வந்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கருவாட்டைப் பற்றி எழுதியவர்கள் எங்களில் உண்டு. நாட்டுக்கோழியை எட்டு விதமாகச் சமைத்தவர்கள் உண்டு. அசைவம் என்ற பொதுப்பெயருக்குள்ளேயே முற்றமும் கொல்லைப்புறமும் தனித்தனியாக இருக்கின்றன. அவர் ஊரிலேயே இது பொதுவெளியில் நடந்தது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றை ஏற்பாடு செய்தது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஓர் ஊரின் புகழ்பெற்ற உணவுக்கு விழா எடுக்கும்போதே அவ்வூரார் ஒரு பகுதியினரின் அண்டாவை வெளியே வைக்க முடிந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் புலால் உண்ணாமல் இருப்பது அவர் விருப்பம். பூண்டை விலக்குவதும் அப்படியே. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் சக்கரத்தைப் பற்றிக் கேட்டதில் யாருக்கும் இழிவில்லை. நாக்குக்கு விலக்கு இருக்கலாம். அந்த விலக்கு நாக்கிலிருந்து இறங்கிக் கால்களுக்கு வந்து, இன்னார் வீட்டுப் படியை மிதிக்கலாகாது என்று ஆகும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. முன்னது உணவைப் பற்றியது; பின்னது ஆளைப் பற்றியது. இரண்டும் ஒரே சொல்லால், 'சுத்தம்' என்ற சொல்லால், வழங்கப்படுவதே நம் நெடுநாளைய குழப்பம்.

இந்தக் குழப்பம் இல்லாத ஒரு பயணம் நம் இலக்கியத்தில் இருக்கிறது. அதுவும் இதே தொண்டை நாட்டில். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில், ஒரு வறிய பாணனைச் சுற்றத்தோடு காஞ்சிக்கு, தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பி வைக்கிறது. வழி நெடுகிலும் அவர்களுக்கு விருந்து. எயினர் குடியிருப்பில் உடும்பின் பொரியல், கோவலர் குடியில் பாலும் தினைச்சோறும், மருத நிலத்து உழவரிடம் வெண்சோறும் கோழியும், வலைஞர் குடியில் மீனும் கள்ளும். மீனும் கள்ளும் உண்ட அதே பாணன் அடுத்துச் சென்று சேரும் இடம் அந்தணர் இல்லம். அங்கே அவனுக்கு மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் வெண்ணெயில் வெந்த கறி, மாவடு ஊறுகாய், நல்ல சோறு. அடுத்து வரும் பட்டினத்திலோ பன்றி இறைச்சியும் கள்ளும். ஒவ்வோர் இல்லமும் தன்னிடம் உள்ளதைத் தருகிறது. எந்த இல்லமும் இதற்கு முன் எங்கே உண்டாய் என்று கேட்பதில்லை. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, 'பண்டைத் தமிழர் உணவு' என்ற தலைப்பில் பட்டியல் எழுதச் சொல்லித் தேர்வில் ஐந்து மதிப்பெண் கொடுப்பது வழக்கம். பட்டியலைக் காட்டிலும் முக்கியமானது, அந்தக் கால்கள் ஒவ்வொரு வாசலையும் கடந்தன என்பது.

பாணன் பீட்சா உண்ணவில்லை. எல்லோருக்கும் பொதுவான, எவருடையதுமல்லாத ஓர் உணவைத் தேடி அவன் சத்திரத்தில் ஒதுங்கவில்லை. அவரவர் உணவை அவரவர் வாசலில் சென்று உண்டான். பொது உணவகம் நமக்குப் பெரும் விடுதலை தந்த இடம், அதை மறுப்பதற்கில்லை. யார் அருகில் யார் என்று கேளாமல் அமர வைத்தது அது. ஆனால் அங்கே நாம் நம் ஊரையும் தெருவையும் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். திரும்பிப் போகும்போது அதே செருப்பை மாட்டிக்கொண்டு போகிறோம்.

அன்று மாடியில் ஆம்பூர்க்காரர் பேசி முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஸ்ரீவைகுண்டத்துக்காரர் கேட்டார்: "அடுத்த மாசம் உங்க வீட்ல வச்சுக்கலாமாம்மா?"

"எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்குமா சார்?"

"எனக்குச் சோறும் மோரும் போதும். ஆனா உங்க வீட்டுச் சோறு, உங்க வீட்டு மோர்."

அவர் தன் நாக்கின் விலக்கை விடவில்லை. விட வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. அதை நாக்கோடு நிறுத்திக்கொண்டார். எங்களில் சிலருக்கு அந்த ஒரு வாக்கியம் அன்றைய விருந்தைக் காட்டிலும் கனமாக இருந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பதினோரு பேரில் ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவர் இன்னும் பதில் எழுதவில்லை. மூன்று வாரம் ஆகிறது. அவர்களை யாரும் நெருக்கவில்லை. ஆச்சி மட்டும், தான் வரும்போது என்ன செய்து கொண்டுவரட்டும், கும்மாயமா, சீயமா என்று கேட்டிருந்தார். ஆம்பூர்க்காரரின் பதில் நேற்று வந்தது:

"ஒண்ணும் செஞ்சு கொண்டுவராதீங்க ஆச்சி. பசியோட வாங்க."